இரண்டு மெகாபைட் கலியாணம்

அன்பின் டிலக்சனா,

நான் சுகம். உமக்கும் மாமிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டதா?

உமது விசாவுக்காக எங்கள் கலியாணப் படத்தைச் சட்டத்தரணியின் இணையத்தளத்தில் ஏற்றினேன். இரண்டு மெகாபைட்டுக்கு மேல் கூடாதாம். ஒரு மெகாபைட் 1024 கிலோபைட் அல்லவா? கவனமாக 2040 கிலோபைட்டுக்குச் சுருக்கினேன். பெரிது என்று தள்ளிவிட்டது! இங்கே குரோய்டனில் இருக்கும் அவர்களின் கந்தோருக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

"அண்ணை, இது ஒரு மெகாபைட்டை ஆயிரம் கிலோபைட்டாத்தான் கணக்குப் பாக்கும்" என்று அங்கே வேலை செய்யும் பெர்னடெற் சிரிக்கிறாள்.

"பத்து வருசம் யாழ்ப்பாணத்தில கொம்பியூட்டர் படிப்பிச்சனான். ஆயிரம் எண்டு எழுதினவைக்கு முட்டை போட்டனான்!" என்று கத்திவிட்டேன். உமது தம்பிக்கும் போட்டேன். அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கடைசியில் நான்தான் தோற்றேன். இன்னும் சுருக்கி ஏற்றிவிட்டேன், நீர் யோசிக்க வேண்டாம். படத்தில் மண்டபம் தெரிகிறது, மாலை தெரிகிறது, உமது முகம்தான் கலங்கிப்போயிற்று. இவர்களுக்கு அது போதுமாம்!

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்துவிடும். உமது படம் ஒன்றும் அனுப்பும். சுருக்க வேண்டாம், எத்தனை மெகாபைட் என்றாலும் பரவாயில்லை. அது விசாவுக்கு இல்லை, எனக்கு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உமது நிர்மலன்