நாலரை மணிக் குளியல்

திட்டினால் திருப்பித் திட்டத் தெரியாத என் அம்மாவுக்கு,

ஆவணி பதினேழு, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து இருபது. தொட்டியில் மீன் ஐந்து, ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. தண்ணீரில் நைட்ரேட் நாற்பது. நீ போய் இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.

இந்தக் கடைசி இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை, அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையாள ஊரில், கோயில் கோட்டைக்குள் இருக்கிற நம் வீட்டு ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், உயிருள்ள பவளம். ராஸ் என்று ஒரு மீன் வகை, அதில் ஐந்து. ஒன்று முழு மஞ்சள், ஒன்று குங்குமச் சிவப்பு, மற்ற மூன்றுக்கும் என்ன நிறம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் மஞ்சள் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து படுத்துவிடும். விடிந்தால்தான் வெளியே வரும். முதல் நாள் அதைக் காணாமல் நீ பதறினாய்.

"செத்துப் போயிடுத்தாடா?"

"தூங்கறது."

"ஆறு மணிக்கேயா? கொடுத்து வெச்ச ஜன்மம்."

இவை தின்பது உறைய வைத்த இறால். அக்ரஹாரத்து வீட்டில் இறால். அப்பா விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர், வெங்காயத்துக்கே நாள் பார்ப்பவர். "மீனை வளத்துக்கோ. அதுக்குப் போடறதை என் கண்ணுல காட்டாதே" என்றார். அதன் பிறகு பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. நீதான் வழி கண்டுபிடித்தாய். பின்கட்டில் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். தனிக் கத்தி, தனிக் கிண்ணம், தனி இடுக்கி. "சமையல்கட்டுக்குள்ள வராதவரைக்கும் செரி" என்றாய். காலையில் போடுவது நான், மத்தியானம் ஒரு மணிக்குப் போடுவது நீ. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரைக் கட்டி இறாலை நறுக்குவாய். இரண்டே வேளை, வேளைக்கு அரைக் கட்டிதான் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியவன் நான்.

மிஞ்சும் தீனி அழுகினால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். ஏறினால் பவளம் சாகும். போன வருஷம் முழுக்க அது ஏறிக்கொண்டே இருந்தது. நான் பம்ப்பைச் சந்தேகப்பட்டேன், உப்பைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் உன்னைச் சந்தேகப்பட்டேன். அந்த ஊதா நிறப் பவளம் வெளுத்துப்போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். அன்று ஷிஜு வந்திருந்தான். எனக்கு இந்த மீன்களையெல்லாம் பிடித்துத் தருகிற பேட்டைக் கடைக்காரன், நண்பன். அவன் முன்னால் வைத்துத்தான் கத்தினேன்.

"அரைன்னா அரை. உனக்கு அளவுன்னா என்னன்னே தெரியாதா? சாம்பார்ல உப்புப் போடற மாதிரி கண்ணளவுல போடற விஷயமா இது?"

"போட்டெடா, அம்மயல்லே" என்று ஷிஜு என் தோளைப் பிடித்து இழுத்தான். விட்டுவிடடா, அம்மாதானே என்று. நான் விடவில்லை. "நீதானே அதிகமாப் போட்டே? சொல்லு."

நீ ஒரு நிமிஷம் உள்ளறைப் பக்கம் பார்த்தாய். அப்பா அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஆமாண்டா, நான்தான். கை நீண்டு போச்சு. இனிமே பாத்துப் போடறேன்" என்றாய்.

அதோடும் நான் நிறுத்தவில்லை. ஒரு வாரம் என் கண் முன்னால் உன்னை அளந்து போடச் சொன்னேன். ஊரில் கடல் மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில், 'கண்டுபிடித்துவிட்டேன், நைட்ரேட்டின் பெயர் அம்மா' என்று எழுதினேன். எண்பது பேர் இருக்கிற குழு. நிறையப் பேர் சிரித்தார்கள். உன்னிடமும் காட்டினேன். உனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததா, இல்லை எனக்காகச் சிரித்தாயா?

மூன்று மாதம் கழித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து, மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, அம்மா.

பதிமூன்று நாள் காரியம் முடிந்ததும் தீனிக்கு ஒரு தானியங்கிப் பெட்டி வாங்கி மாட்டினேன். வேளைக்குப் பதினாறு உருண்டை, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. உறைந்த இறாலே வேண்டாம் என்று முடிவு. தப்பாக நினைக்காதே, அப்போது எனக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது: இனிமேல் நைட்ரேட் இறங்கும்.

இறங்கவில்லை. முதல் வாரம் இருபத்தைந்து, அடுத்த வாரம் முப்பது, இன்று நாற்பது. வேறு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன், அதே எண். ஷிஜு வந்து தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, "எடா, ஆரோ தீற்ற கொடுக்குன்னுண்டு" என்றான். யாரோ தீனி கொடுக்கிறார்களாம். பேய் கொடுக்கிறதா என்று கேட்டேன். அவன் போன பிறகு குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நான் தொடாத இறால் அட்டைகளில் இரண்டு காலி. காலி அட்டைகள், விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் இல்லை.

நம்பமுடியாமல்தான் இன்று அரை நாள் லீவு போட்டேன். பிடித்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன், அதை மறைக்க மாட்டேன். கழக்கூட்டம் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, நாலு பத்துக்கு வாசல் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன்.

அப்பா தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பழைய துண்டு மட்டும். இடுக்கி இல்லை, கிண்ணம் இல்லை. இறாலை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் அவர் விரலிலிருந்து பிடுங்கித் தின்றது.

"இரு, இரு, பறக்காதே. உனக்கு ஆயிடுத்து. அந்தச் சிவப்புக்குக் கொஞ்சம் விடு. இன்னும் ஒன்றரை மணி நேரத்துல போய்ப் படுத்துடுவே, வெறும் வயத்தோட படுப்பியோ?"

சிவப்புக்கு ஒரு துண்டை நீட்டினார். அப்புறம் சொன்னார். "அவளானா பொடியா நறுக்கித் தருவா. எனக்கு இவ்வளவுதான் வரும். கோவிச்சுக்காதே."

மீனிடம்தான் சொன்னார். மேல்வலையை மூடி நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ராஸ் துள்ளி வெளியே விழுந்து செத்துப்போகிற ஜாதி. நானே அவசரத்தில் இரண்டு கிளிப்போடு விட்டுவிடுவேன். பிறகு அவர் குளியலறைக்குப் போனார். தலையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வருஷமாக, நான் மாடியில் வேலை செய்கிற நாட்களில், ஐந்து மணிக்குக் காப்பிக்கு இறங்கி வந்தால் அப்பா ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பார். "அப்பாவுக்கு உடம்புச் சூடு, நாலரைக்கு இன்னொரு குளி" என்பாய் நீ. கொட்டுகிற கர்க்கடக மாத மழையில் என்ன சூடு என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பெரிய இன்ஜினியர் நான்.

எப்போது ஆரம்பித்தது, அம்மா? அவராக வந்து கேட்டாரா, நீயாக நறுக்கி அவர் கையில் கொடுத்தாயா? என்னோடு பேசாமலிருந்த அந்தப் பதினைந்து நாளிலேயேவா? சொல்லியிருந்தால் நான் அப்பாவைக் கேலி பண்ணியிருப்பேன். அவர் அதோடு தொட்டிப் பக்கமே வந்திருக்க மாட்டார். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனேன். பத்மதீர்த்தக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து மணிக்கு வந்து பெல் அடித்தேன். அப்பா ஈரத் தலையோடு திறந்தார்.

"ஏண்டா சீக்கிரம்?"

"மீட்டிங் இல்லை. குளிச்சேளா?"

"ஆமா. வல்லாத்த உஷ்ணம், தாங்கலை."

"ஆமாம்ப்பா, உஷ்ணம்தான்" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். முழு டம்ளரும் குடித்தார். நீ போனபின் அரை டம்ளருக்கு மேல் குடித்ததில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராஸுக்கு வயிறு சின்னது, பகலில் பல வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற மீன் அது. இரண்டு வேளை என்று நான் எழுதி ஒட்டியதே தப்பு. அளவு தெரியாதவர் அப்பா. வேளை தெரியாதவன் நான். இரண்டுக்கும் திட்டு வாங்கியவள் நீ.

இதைப் பொதுவில் எழுதக் காரணம், உன்னைத் திட்டியதும் பொதுவில்தான். தமிழில் எழுதக் காரணம், அப்பா படிப்பது மலையாளப் பேப்பர் மட்டும்தான் என்பது. இந்த வீட்டில் என்னைத் தவிரத் தமிழ் எழுத்து தெரிந்தவள் நீ ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் இல்லாததை உட்கார வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான்.

மன்னிப்புக் கேட்கிறேன், அம்மா. அதற்கு மேல் வார்த்தையாக எனக்குச் செய்யத் தெரியாது. செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. வரும் ஞாயிறு ஸ்கிம்மரை மாற்றுவது. தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கிற கருவி. என் அட்டவணைக்கு ஏற்றது வேண்டாம், அப்பாவின் கைக்கு ஏற்ற பெரியதாக.

2. கீழே இருக்கிற வடிகட்டித் தொட்டியில் கடற்பாசி வளர்ப்பது. மிச்ச நைட்ரேட்டை அது தின்னும்.

3. தினமும் ஆபீஸ் கிளம்புமுன் இறாலைப் பொடியாக நறுக்கி, டப்பாவில் போட்டு, குட்டி ஃப்ரிட்ஜில் கைக்கு எட்டும்படி வைப்பது. ஒன்றும் சொல்லாமல்.

4. ஐந்து மணிக்கு முன் வீட்டுக்கு வராமலிருப்பது. வர நேர்ந்தால் கிழக்கேகோட்டையிலிருந்து ஃபோன் பண்ணுவது.

5. அந்த எண்பது பேர் குழுவில் இன்றைக்கே மலையாளத்தில் எழுதுவது: அன்று நான் சொன்னது பொய். அளவு தெரியாமல் தீனி போட்டது என் அம்மா இல்லை, நான்தான்.

உன் ஒரே பிள்ளை,
கிச்சு