ஏழாவது பெயர்

மரியாதைக்குரிய முனைவர் தங்கை அவர்களுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். முதல் பெயர்க்காரர்களுக்கு என்ன குறைச்சல்.

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் கடிதமாக எழுதுகிறேன். அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவருக்குக் கண்தான் மங்கல். காது இன்னும் பழைய கண்டக்டர் காது, பஸ்ஸின் கடைசியில் சில்லறை விழுந்தால்கூடக் கேட்கும். கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீ வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இனி நேரம் நிறைய இருக்கிறது.

ஏனென்றால் என் வேலை போய்விட்டது. வரலாற்றுத் துறையில் ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்த என்னை நிரந்தரமாக்குவதற்கான நேர்காணல் போன வாரம் நடந்தது. தேறவில்லை. தேறாதவர்களின் ஒப்பந்தமும் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அன்று நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே நாளில் எல்லாத் துறைகளுக்கும் நேர்காணல் வைத்திருந்தார்கள். வராந்தாவில் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் இடது பக்கம், திக்கிப் பேசுகிற குழந்தைகள் எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று ஆராய்கிற மொழியியல்காரி. வலது பக்கம் ஒரு கணக்குக்காரர், பல வருடமாக ஒரே ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டுகிறாராம், கையில் ஒற்றைத் தாள்கூட இல்லை. அவருக்கு அப்பால், பாலங்களில் காதை வைத்து எங்கே விரிசல் விடும் என்று கேட்கிற பொறியாளர். எங்கள் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் தாள். எத்தனை கட்டுரை, எத்தனாவது பெயர், அவ்வளவுதான் கேள்வி. யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவில் செருப்பைத் தைத்து வைத்துக்கொண்டு, யாருக்குக் கால் சரியில்லை என்று பார்க்கிறார்கள்.

உள்ளே மூன்று பேர். தலைவர் வணிகவியல்காரர். அடுத்து எங்கள் துறைப் பெரியவர், வாழ்நாளில் எழுதியது எல்லாவற்றையும் தனியாகவே எழுதியவர், தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் நிற்பதையே இழுக்காக நினைப்பவர். மூன்றாவது ஆள் விலங்கியல். தவளையின் தொண்டையை ஆயுள் முழுக்க ஆராய்ந்ததால் எல்லோரும் அவரைத் தவளை வாத்தியார் என்பார்கள்.

தலைவர் நம் பஞ்சக் கட்டுரையைப் புரட்டினார். ஏழு பெயர்களையும் விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசியில் நின்றார். "ஏழு பேர்ல நீங்க ஏழாவது. அப்ப நீங்க இதுல என்னம்மா செஞ்சீங்க, எழுத்துப் பிழை பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் பெரியவர் சிரித்துக்கொண்டே, "நம்ம பக்கத்துல எழுதுனவன் பேரு ஒண்ணுதான் சார் இருக்கும். இது குரூப் போட்டோல ஓரமா நிக்கிற மாதிரி" என்றார். தவளை வாத்தியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் விளக்கத் தொடங்கியபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீயே சொல், நான் என்ன செய்தேன்? பெரும் பஞ்சத்துக்குக் காரணம் மழை பொய்த்ததுதான் என்று எல்லாப் புத்தகமும் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அதைச் சந்தேகப்பட்டது யார்? ஆவணக்கூடத்தில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பூச்சி அரித்த மனுக்களைப் பிரித்து, வண்டி வண்டியாகத் தானியம் போகிறது, நிறுத்துங்கள் என்று குடியானவர்கள் கெஞ்சிய வரியைத் தேடி எடுத்தது யார்? ஏரிச் சேற்றைத் தோண்டிப் பார்க்கலாமா என்று உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். நீ வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. நீ படகில் நின்று குழாயை இறக்கினாய், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வருடத்துக்கு ஒரு வரியாகப் படிந்திருந்த சேற்றில் பஞ்ச வருடத்து வரியைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாய். நீர்ச்செடிகளின் மகரந்தம் நிறைந்து கிடக்கிறது, அந்த வருடம் ஏரி ததும்பி இருக்கிறது, மழை பொய்க்கவே இல்லை என்று போனில் சொன்னாய். அன்று நாம் இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். என் தாளும் உன் சேறும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தன.

அப்படி இருக்க, முதல் பெயர் நீ, மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்த்தவர் நான்காவது பெயர். உன் ஆய்வுக்கூட இயக்குநர், அந்த ஏரியைப் படத்தில்கூடப் பார்க்காதவர், ஆறாவது. அவருக்கும் பின்னால் நான்.

இதழ் வந்த அன்று அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பெயர்களை எழுத்துக் கூட்டினார். "பெரியவ பேரு எங்க?" என்று கேட்டார். கடைசியில் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனால என்ன, கண்டக்டர் சீட்டும் கடைசியிலதான் இருக்கும். அங்கேருந்து விசில் வந்தாத்தான் வண்டி கெளம்பும்" என்றார். பெற்றவர் அப்படித்தான் சொல்வார். அன்றே உன்னிடம் கேட்டிருப்பேன். தங்கையிடம் போய் எனக்கு ஏன் இந்த இடம் என்று மூக்கைச் சிந்துவதா என்று விழுங்கிக்கொண்டேன்.

நீயோ இப்போது அந்த ஆய்வுக்கூடத்தையே விட்டு மாட்டுத் தீவனக் கம்பெனிக்குப் போய்விட்டாய். நல்ல சம்பளமாக இருக்கும். ஏறிய பிறகு ஏணியை எட்டி உதைப்பது உலக வழக்கம்தான். என் வீட்டிலேயே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஏழாவது பெயர்

*

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா எழுதுவது. நீ ஒல்லியாக இருந்ததற்காகச் சின்ன வயதில் வைத்த பெயர். இன்னும் பொருந்துகிறது. நீ குத்தினால் குத்தியதே தெரிவதில்லை, பிறகுதான் வலிக்கிறது.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறார். நீ அவருக்கு மட்டும் போன் செய்வதும், நான் அறைக்குள் வந்ததும் வைத்துவிடுவதும் எனக்குத் தெரியும். பதில் வேண்டாம் என்று எழுதியது நான்தான். ஆனாலும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

நான் இப்போது ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் வரலாறு நடத்துகிறேன். டயர் கடைக்கு மேல் மாடி. கீழே காற்று அடைக்கிற சத்தத்தை மீறி நான் கத்த வேண்டும். பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி, நான்கு விடை, சரியானதற்கு டிக். யோசிக்கிற பிள்ளைகளுக்கு நேரம் போதாது. அதனால் யோசிக்காமல் இருக்கத்தான் முதலில் பழக்குகிறோம்.

போன சனிக்கிழமை அங்கே பெற்றோர் கூட்டம் நடந்தது. மகளைப் பற்றிக் கேட்க வந்து என் எதிரில் உட்கார்ந்தவர் தவளை வாத்தியார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச வேண்டியதைப் பேசி முடித்தும் எழுந்திருக்கவில்லை. "நீங்க ஏம்மா இங்க? உங்களுக்குன்னு ஒரு ஆய்வுக்கூடமே இருக்கும்னு நெனச்சேனே" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து, ஏழாவது பெயருக்கு யார் சார் ஆய்வுக்கூடம் கொடுப்பார்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். மனிதர் நிஜமாகவே குழம்பிப்போனார். "எங்க அறிவியல் பக்கத்துல கடைசிப் பேருதாம்மா பெரிய பேரு. கைவேலை செஞ்சவங்க மொதல்ல, மொத்தத்தையும் நடத்தினவங்க கடைசியில. மொதப் பேருல இருக்கிறவங்க உங்கள அந்த எடத்துல உக்கார வச்சிருக்காங்க. தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொன்னார்கள்?

அப்படியானால் அன்று ஏன் சார் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளுங்கள்ல கடைசிப் பேருக்காரங்க பாதிப் பேரு ஆய்வுக்கூடத்துக்குள்ளயே வர மாட்டாங்க. பணத்துக்குக் கையெழுத்துப் போடுறதோட சரி. நீங்களும் அந்த ரகம்னு நெனச்சேன். ஒண்ணும் செய்யாத ஆளுக்கு எதுக்கு வேலன்னு பேசாம இருந்துட்டேன்."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, அதுதான் என் கதை. எங்கள் பெரியவர் கண்ணுக்கு நான் ஒன்றும் செய்யாத கடைசி ஆள். தவளை வாத்தியார் கண்ணுக்கு நான் ஒன்றும் செய்யாத முதலாளி. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே பெயரை இரண்டு விதமாகத் தப்பாகப் படித்து, ஒரே மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கணக்குத் துறையில் பெயர்களை அகர வரிசையில் போட்டுவிடுவார்களாம். எவ்வளவு நிம்மதியான ஜனங்கள்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இடம் வழக்கமாக இயக்குநருடையது என்றார். "அவர ஒரு படி எறக்கிட்டுல்ல உங்க பேரப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் அந்தக் கூடத்துல எப்பிடி நீடிச்சாங்க?" என்று கேட்டார். நீடிக்கவில்லை என்றேன்.

கட்டுரை வந்து கொஞ்ச நாளில் நீ போன் செய்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, எனக்கும் அலுத்துவிட்டது, தீவனக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். கம்பெனி என்றால் நல்ல சம்பளம் வருமே என்று நான் சொன்னேன். நீ ஆமாம் அக்கா என்றாய். சேற்றில் மகரந்தம் எண்ணினவள் இப்போது புண்ணாக்கில் ஈரப்பதம் பார்க்கிறாய். நான் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன்.

ஏன்டி சொல்லவில்லை? உனக்குப் பெரிய கௌரவம் செய்கிறேன் அக்கா, எங்கள் வழக்கம் இப்படி, உங்கள் வழக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாசமாய்ப் போயிருப்பாயா? ஏரியின் அடியில் இருக்கிறதை எல்லாம் தோண்டிப் பார்த்தவள், அக்காவின் துறையில் பெயரை எப்படிப் போடுவார்கள் என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. நூறு வருடத்துக்கும் முந்தைய மனுவில் வரிக்கு வரி அர்த்தம் தேடுகிற எனக்கு, என் பெயர் நின்ற இடத்துக்கு அர்த்தம் தேடத் தோன்றவில்லை. என் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு ரோஷம். இந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அது மட்டும்தான் சொத்து.

அப்பாவிடம் சொன்னேன். நான் அப்பவே சொல்லல, கண்டக்டர் சீட்டுன்னு, என்று இரண்டு நாளாக அவர் கால் தரையில் படவில்லை. அவர் சொன்னது ஆறுதலுக்கு, ஆராய்ச்சிக்கு இல்லை. விளக்கம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். நியமனம் முடிந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. என் அறையில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார். பதினான்கு கட்டுரை, எல்லாம் தனிப் பெயர். ஒன்றைப் படித்துப் பார்த்தேன், பழைய புத்தகங்கள் சொன்னதையே சொல்லியிருக்கிறார்.

இதைவிடக் கேள். நேற்று வகுப்பில் வந்த கேள்வி: பெரும் பஞ்சத்துக்குக் காரணம் எது? (அ) மழை பொய்த்தது (ஆ) கொள்ளைநோய் (இ) போர் (ஈ) வெட்டுக்கிளி. நம் விடை நான்கிலும் இல்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மதிப்பெண் வேண்டும், எனக்கு இந்த வேலை வேண்டும். (அ) என்று டிக் போடச் சொன்னேன். நாற்பது பேனாக்கள் ஒன்றாகக் கிறுக்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த இரண்டாவது சேற்றை மறந்திருக்க மாட்டாய். பழைய தானியக் கிடங்கை ஒட்டிய குட்டையில் எடுத்தோமே, நீ இன்னும் பிரிக்கவே இல்லை. ஏரி ததும்பியது என்று சொல்லிவிட்டோம், தானியம் எங்கே போனது என்று சொல்லவில்லை. பஞ்ச வருடத்து வரியில் தானிய உமி அடர்ந்து கிடந்தால், ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது கிடங்கு நிறைந்திருந்தது என்று ஆகும். அந்தக் குழாய்கள் உன் பழைய ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில்தானே இருந்தன? ஆள் போன பிறகு எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?

தவளை வாத்தியார் கிளம்பும்போது, தன் குளிர் அறையில் தவளைகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் மேல் இருக்கிற அன்பால் இல்லை, மனசு உறுத்துகிறது. உறுத்தட்டும், குளிர் குளிர்தானே.

அந்த இயக்குநரின் வாசலில் போய் நிற்க உனக்குப் பிடிக்காது. எனக்காகப் போ என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. செத்துப்போனவர்களுக்காகப் போ. சேற்றைக் கொட்டிவிட்டார்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. கொட்டாமல் இருந்தால், தபாலில் அனுப்பாதே. குழாய் குலுங்கினால் வரிகள் கலந்துவிடும், பிறகு எந்த வருடம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. நீயே மடியில் வைத்துக்கொண்டு வா.

இந்த முறை என் பெயரை எங்கே வேண்டுமானாலும் போடு. போடுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் அங்கே என்று சொல். உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல் கிடந்த என் புத்தகங்களை எடுத்துவிட்டேன்.

நன்றாக இரு.

உன் அக்கா