பத்மாவின் சிவப்புப் படகு

மாசி 19, திங்கள்

வெயில் இப்போதே சுள்ளென்று. மாவு அரைக்க வேண்டும், கேஸ் சொல்ல வேண்டும், குழாய் ஒழுகுகிறது. மூன்றும் ஆகவில்லை.

காரணம், வாசலில் ஒரு படகு. திருப்பதி ரோட்டில் தோட்டமும் படகு விடுகிற குளமும் வைத்திருக்கும் பத்மாவுடையது. உட்கார்ந்து மிதிக்கிற ஃபைபர் படகு. சிவப்பாம். வெயிலில் கிடந்து வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. என் வீட்டுக்காரர், இவர், கார் பாலிஷ் கடை வைத்திருப்பதால் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. கூடவே பத்மாவும், கறுப்புக் கண்ணாடியோடு.

"உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

"ஆங், நீங்க கவலப்படாதீங்கம்மா."

என்னிடம் இப்படிக் குழைந்து பேசி எத்தனை வருஷம்.

மாசி 20, செவ்வாய்

இவர் கடைக்குப் போகவில்லை. சவரம் செய்து, பவுடர் போட்டுக்கொண்டு படகு தேய்க்கிறார். முதலில் தண்ணீர் விட்டு எமரித் தாள், பிறகு மெஷினில் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை. மத்தியானம் சிவப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கிறார். ரசத்தில் உப்பில்லை, அதுகூடத் தெரியவில்லை.

பொறாமைதான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

சாயங்காலம் போனில் அவளிடம்: "வெளுக்காம இருக்க மேல வேக்ஸ் பூசணும்தான். இப்போ இன்னாத்துக்குங்க? மறுபடி வெளுத்தா நானே மாசா மாசம் வந்து பாத்துக்குறேன்."

எந்தக் காரையும் வேக்ஸ் பூசாமல் விட்டவரில்லை இவர். மாசா மாசமாம்.

மாசி 21, புதன். கிருத்திகை

தெருவெல்லாம் காவடி. கிருத்திகையன்று இவர் மெஷினைத் தொடமாட்டார். விரதத்தோடு மலைக்கோயிலுக்குப் படியேறிப் போவார், நானும் கூடப் போவேன். இன்று தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

முருகன் மன்னிக்கட்டும். அலமாரியில் பிரிக்காத வேக்ஸ் டப்பா. இவருடைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். படகுக்கு மேலே புடவை கட்டி நிழல். கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, காய்ந்து வெள்ளையானதும் துடைத்து. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடிப்பக்கம், ஓரம், எதையும் விடவில்லை. இனி இது வெளுக்கவே கூடாது. இவர் அங்கே போகவே கூடாது. தோள் கழன்றுவிட்டது. என் முகமே தெரிந்தது அதில்.

இவர் விபூதியோடு வந்து நின்றார். "யார் உன்னத் தொடச் சொன்னது?"

"வெளுத்துடக் கூடாதே, அதான்."

கிழிந்த வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாசி 23, வெள்ளி

படகு போயிற்று. கோலம் பெரிதாகப் போட்டேன்.

கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார், முகம் தொங்கிப் போய்.

"இந்த மினுமினுப்பு யார் கைன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"உன்னத்தான் சொன்னேன். இன்னும் நாலு படகு கீதாம். உன்னையே அனுப்பணுமாம். நான் வேணாமாம்."

நாளைக்குக் கார் அனுப்புவாளாம், நம் வாசலுக்கே. "நீ இன்னாத்துக்கு அங்கெல்லாம் போவணும்?" என்கிறார். சோறு போடும்போது கேட்டார், கை கழுவும்போதும் கேட்டார்.

பச்சைப் புடவையை இஸ்திரிக்குப் போட வேண்டும். பவுடர் டப்பாவை இவர் காலி செய்துவிட்டார். புதிது வாங்க வேண்டும்.