நீ பார்த்துக்கொண்டிருந்த எட்டு நாள்

கம்பளை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஸுமைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால வாப்பா நல்ல சுகம், அத முதல்ல எழுதிட்டுத்தான் மத்தத எழுதோணும் என்டு உக்காந்தேன். நீயும் அந்தச் சிலி நாட்டு மலைக் குளிருல சுகமா இருக்கோணும் என்டு அஞ்சு வக்துத் தொழுகைலயும் துஆ கேக்கிறேன். வாப்பாட நெஞ்சுத் தையல் காஞ்சிட்டு, திங்கட்கிழமை கண்டிக்கு கிளினிக் போனோம், டொக்டர் மெதுவா நடக்கச் சொன்னார். உப்பில்லாத கறிக்குத்தான் முகத்தச் சுழிக்கிறார். மூத்தவன், உன்ட நானா நஸீப் கடையப் பார்க்கிறான், அவன்ட பொஞ்சாதி நஸ்லியாவுக்கு இது ஏழாம் மாசம். மழை விடல்ல, உடுப்பு ஒண்டும் காயுதில்ல.

மகள், ஒரு மாசமா உன்ட போன் கோல் இல்ல, ஒரு வரி மெசேஜ் மட்டும்தான். உன்ட மனசுல என்ன கிடக்கு என்டு எனக்குத் தெரியும். வாயால சொல்லப் போனா அழுதுருவேன், அதால எழுதுறேன். அன்டைக்குக் காலைல நீ சந்தோசமாப் பேசின, எங்கேயோ தூரத்துல பெரிய நட்சத்திரம் ஒண்டு வெடிச்சிட்டு, காமாக் கதிர் வெடிப்பாம், வெடிச்சது ஒரு நிமிசம் கூட இல்ல, மிஞ்சின மங்கல் வெளிச்சம்தான் நாளுக்கு நாள் குறையுது, கூட வேலை செய்ற பிள்ளைக்குக் காய்ச்சல், டெலஸ்கோப்புல நான் தனியத்தான் பார்க்கோணும் என்டு. அன்டு பின்னேரமே வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, மறுநாள் ஒப்பரேசன் என்டுட்டாங்க. வார்டுல வாப்பா என்ட கையப் பிடிச்சு, புள்ளைக்கு இப்ப சொல்லாதீங்க, அந்த வெளிச்சம் அடுத்த கிழமை இருக்காது, அல்லாஹ் நாடினா நான் இருப்பேன் என்டு சொன்னார். நான் சரி என்டு தலையாட்டிட்டு வெளிய வந்து நானாவுக்கிட்ட உனக்குக் கோல் எடுக்கச் சொன்னேன். உடனே வெளிக்கிட்டாலும் ரெண்டு நாளாகும், அதுக்குள்ள ஒப்பரேசன் முடிஞ்சிரும் என்டு நீ அழுத. அப்ப அவன், வாப்பாவ விட செத்துப்போன நட்சத்திரம் பெருசா என்டு கேட்டான். மகள், அது அவன்ட சொல் இல்ல. நான்தான் பக்கத்துல நின்டு சொல்லிக் குடுத்தேன். அவன் மாட்டேன் என்டு தலையாட்டினான், நான்தான் விடல்ல. பயத்துல யாரையாவது கோவிக்கோணும் போல இருந்திச்சு. இண்டு வரைக்கும் என்னக் காட்டிக் குடுக்காம அந்தப் பழிய அவனே சுமந்துட்டு இருக்கான்.

ஒப்பரேசன் முடிஞ்சு கண் முழிச்ச வாப்பா தண்ணி கேட்டார், அடுத்தது ஸுமைராட வெளிச்சம் இன்னும் தெரியுதா என்டு கேட்டார். நேத்தைக்கு இருந்ததுல பாதிதான் இண்டைக்கு என்டு நீ அனுப்புற மெசேஜ நஸ்லியா தினமும் வாசிச்சுக் காட்டுவா. பக்கத்துக் கட்டில்ல மடுல்கெல்ல தோட்டத்து மத்தியாஸ் என்டு ஒருத்தர், அணைஞ்சு போறதப் பார்க்க ஏன் பாய் ஒரு ஆள் காவல் இருக்கணும் என்டு கேட்டார். எப்படிக் குறையுது என்டு பார்த்தாத்தான் எங்கிருந்து வந்தது என்டு தெரியுமாம், மகள் சொன்னா என்டு வாப்பா சொன்னார். பிறகு அவரும் காலைல எழும்பினா உன்ட வெளிச்சத்தத்தான் விசாரிப்பார். எட்டாம் நாள், இனித் தெரியாது என்டு நீ அனுப்பின. அதக் கேட்டுட்டு வாப்பா, புள்ள எட்டு ராவும் தனிய இருந்திருக்கா, சாப்பிட்டாளோ என்னவோ என்டார். நான் அத ஒரு தரம் கூட நினைக்கல்ல மகள்.

அன்டைக்கு நான் செஞ்சத நேத்து வாப்பாவுக்கிட்ட ஒண்டும் விடாம சொன்னேன். அவர் ஏசல்ல, எனக்குச் சொல்லி என்ன, புள்ளைக்கு எழுதுங்க என்டார். என்னப் பொறுத்துக்கோ.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். காதப் பொத்திக் கட்டு, நேரத்துக்குச் சாப்பிடு. கோல் எடுக்கிறதா இருந்தா எங்களுக்கு எடுக்காத, முதல்ல நானாவுக்கு எடு. ஆறு மணி வரைக்கும் அவன் கடைலதான் இருப்பான்.

உன்ட உம்மா,
றம்லத்.