வாத்துக்கு ஒரே ஒரு பதில்

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஷூ வாங்கப் போனேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்பூர் பைபாஸ் ஓரம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் விற்கிறார்களே, அந்தக் கடை. என் காலுக்குப் பெரியவர்கள் பக்கம் ஒன்றும் சேரவில்லை, வழக்கம்போலக் குழந்தைகள் பக்கம் அனுப்பினார்கள். ஐம்பதை எட்டப்போகிற பொம்பளை குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ போட்டுப் பார்ப்பதை ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது. பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. ஷூவின் பக்கவாட்டில் ஒரு கரடி முகம், ஒரு காது கோணல். நாம் தைத்த கரடி இல்லை, இது வேறு ஏதோ வீட்டுக் கரடி. ஆனால் எனக்கு உன் நினைப்பு வர எந்தக் கரடியும் போதும். கோபித்துக்கொள்ளாதே.

ஷூ கம்பெனியில் நம் தையல் லைனுக்குக் குழந்தை ஷூ ஆர்டர் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? காலையிலிருந்து மாலை வரை கரடிக்குக் காது தைத்தோம். எந்தக் கரடி, எதற்காகச் சிரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நீதான் சூப்பர்வைசரை நிறுத்திக் கேட்டாய். ஏதோ கார்ட்டூன் படத்தில் வருகிற கரடி என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாளே நீ பஜாரில் சிடி தேடினாய். குழந்தைக்கா என்று கடைக்காரர் கேட்டதற்கு, எனக்குத்தான், இத்தனை நாள் காது தைக்கிறேன், மூஞ்சியை முழுசா பார்க்க வேணாமா என்றாயாம்.

உன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். படம் முழுக்க இங்கிலீஷ். நீ ப்ளஸ் டூ பாஸ், நான் எட்டாவதோடு நின்றவள், அதனால் அர்த்தம் சொல்லும் பொறுப்பை நீயே எடுத்துக்கொண்டாய். நடுவில் கரடியும் தலைமேல் ஒரு வாத்துமாகக் காட்டுக்குள் பாடிக்கொண்டு போகும். கரடிக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை, வாத்துதான் வழி காட்டுகிறது என்றாய். ஒவ்வொரு அடிக்கும் கரடி ஒரு கேள்வி கேட்கும், வாத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்லும் என்றாய். அந்த ஒரே பதிலை எனக்குக் கொடுத்தாய்.

"நான் கரடி. நீ வாத்து. உன் நடைக்கு வேற எதுவும் ஒத்துவராது."

என் வரி இவ்வளவுதான்: "இன்னும் கொஞ்ச தூரம்தான், நட." அதை வாத்து மாதிரி மூக்கால் பாட வேண்டும். பிறந்ததிலிருந்து மூக்கால்தான் பேசுகிறேன் என்பதால் பயிற்சி தேவைப்படவில்லை.

லைனில் பேசினால் திட்டு விழும். பாட்டு முணுமுணுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, மெஷின் சத்தத்தில் பாதி கேட்பதும் இல்லை. அந்தச் சந்துக்குள் நீ கரடியை நுழைத்தாய். வாத்தே வாத்தே என்று தொடங்கி, கட்டிங் பக்கம் யார் புதுசாக செண்டு போட்டு வந்திருக்கிறார்கள், கேன்டீன் சாம்பாரில் இன்றைக்குப் பருப்பு விழுந்ததா, உன் மாமியார் உன் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போனார், எல்லாம் கேள்வியாக வரும். நான் தலை நிமிராமல் என் பதிலைச் சொல்வேன். பள்ளிகொண்டாவிலிருந்து வருகிற கம்பெனி பஸ்ஸிலும் இதே கச்சேரிதான். நம் ஊர்ப் பெருமாளே படுத்துக்கொண்டுதான் இருக்கிறார், நாம் மட்டும் விடியறதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடறோம் என்று அதையும் கரடியிடம் சொல்லிப் பாட வைத்தாய். கரடியின் கேள்வி நாளுக்கு ஒன்று. சொன்னதை நீ திரும்பச் சொல்லவே மாட்டாய்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் போண்டாவைப் பாராட்டிவிட்டுப் போன கதையைக்கூட நீ கரடி வாயில் போட்டிருக்கிறாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறியது. தனியாளாக இருப்பதை நான் சிரிப்பாகச் சொல்லக் கற்றுக்கொண்டது உன்னிடம்தான்.

பிறகு நீ வேலூரில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாய். உன் வீட்டுக்காரர் மருந்து வாங்க இறங்கிப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன், வாயை மூடினால் அழுதுவிடுவேன் என்று. நீ கண்ணைத் திறக்காமலேயே ஆரம்பித்தாய்.

"வாத்தே வாத்தே, வூடு இன்னும் எவ்ளோ தூரம்?"

அதற்கு அந்தப் பதிலை நான் எப்படிச் சொல்வேன்? உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"பாட்ட பாதில வுடாதடி. நல்லா இருக்காது."

பாடினேன். மூக்கால்தான் பாடினேன். அன்றைக்கு மூக்கு அடைத்திருந்ததால் அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. நீ சிரித்தாய். மறுவாரம் நீ இல்லை.

இப்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் ஏறியதும் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறாள். நல்ல பெண்தான், இறங்கும்போது பையை எடுத்துக் கொடுத்து உதவுவாள். ஆனால் என் வாய்க்குள் அந்தப் பதில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கேள்விதான் இல்லை. நீ கேட்டதில் ஒரு வரியையாவது அதே சொல்லில் பிடித்துவிடலாம் என்று பார்க்கிறேன், விஷயம் நினைவிருக்கிறது, சொல் நழுவுகிறது. தினம் ஒன்று வருகிறபோது யார் சேர்த்து வைப்பார்கள்? நாளைக்கும் வரும் என்றுதானே இருந்தேன்.

அதனால்தான் நேற்று ஷூ பெட்டியோடு நேராக மாடி வீட்டுக்குப் போய், அங்கே இருக்கிற காலேஜ் பெண்ணிடம் கரடியையும் வாத்தையும் சொல்லி அந்தப் படத்தைத் தேடச் சொன்னேன். படத்தில் இருக்கிற கரடியின் வரிகளாவது கிடைத்தால் போதும் என்று. போனில் உடனே எடுத்துவிட்டாள், அதுவும் தமிழில். காட்டுக்குள் அந்தப் பாட்டு வந்தது. கரடி கேள்வியே கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து மழையைப் பற்றிப் பாடுகின்றன.

"ஆண்ட்டி, இதுல யாரும் வழி தேடலையே. மழைல ஆட்டம் போடப் போறாங்க, அவ்ளோதான்."

அடிப்பாவி. ப்ளஸ் டூ பாஸாம். கேள்வியும் உன்னுடையது, நான் இத்தனை வருஷம் மூக்கால் பாடிய பதிலும் உன்னுடையது. மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உன்னைப் பிடித்து உலுக்கி, ஏன்டி இப்படிப் புளுகினே என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எந்தக் கடையிலும் எந்தப் போனிலும் நம் பாட்டு இல்லை. அதில் பாதி உன்னோடு போய்விட்டது.

இன்றைக்குக் காலையில் லைனில் என்னை அறியாமல் பதிலை முணுமுணுத்திருக்கிறேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அதே சூப்பர்வைசர்தான், ரிடையர் ஆகிற வயசு, தலை முழுக்க வெள்ளை.

"இன்னாம்மா, கேள்வியே இல்லாம பதில் பாடற?"

என் மெஷின் நின்றுவிட்டது. அவர் நான் தைத்த ஷூ மேல்தோலை எடுத்துத் தையலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, ராகமே இல்லாமல், வருகைப் பதிவு படிக்கிற குரலில் சொன்னார்.

"வாத்தே வாத்தே, சூப்பர்வைசர் தலையில இன்னா, சாயமா, ஷூ பாலிஷா? அதானே?"

நீ கேட்டதுதான். அதே சொல். அத்தனை வருஷமும் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நமக்குத்தான் அது தெரியவில்லை. கேட்டும் ஏன் சார் திட்டவில்லை என்று கேட்டேன்.

"திட்டினா பாட்டு நின்னுடும்மா. மத்தியானத்துல எனக்கும் தூக்கம் வரும்ல."

மன்னிப்புக் கேட்பதா, காலில் விழுவதா என்று தெரியாமல் விழித்தேன். அவர் நகரவில்லை. எதற்காக நிற்கிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. மூக்கால் சொன்னேன்: "இன்னும் கொஞ்ச தூரம்தான், நட." தலையை ஆட்டிவிட்டு அடுத்த லைனுக்கு நடந்து போனார்.

ஆக, உன் கேள்விகளில் ஒன்று கைக்கு வந்துவிட்டது, நாம் கேலி செய்த ஆளின் வாயிலிருந்தே. அதை நான் பாட மாட்டேன், அது கரடியின் பங்கு. நான் என் வரியைச் சொல்லிவிட்டு, ஒரு காது தைக்கிற நேரம் சும்மா மெஷினை ஓட்டுகிறேன். நீ என்னைவிட வேகமாகத் தைப்பவள், அதற்குள் கேட்டு முடித்திருப்பாய். பிறகு அடுத்த பதிலைச் சொல்கிறேன்.