காவடிக்குச் சட்டை கிடையாது

ஆடி 7, வியாழன்

விடியும்போதே தூறல். கே.ஜி.கண்டிகை தாண்டி, மேட்டில் லாரிகள் ஊர்ந்து ஏறும் இடம். பின்னால் தொற்றி ஏறி, தார்ப்பாயை அறுத்து, ஏழு பெட்டி தள்ளினேன். எல்லாம் துணி. வேனில் வந்த பாவாவும் கோபியும் பொறுக்கிக்கொண்டார்கள். முழங்கை தேய்ந்துவிட்டது. லாரி மேல் இருக்கும்போது பயமில்லை. இறங்கினால்தான் பயம்.

டீக்கடையில் பாவா (எங்கள் தலைவர், ஊருக்கே பாவா) குண்டைப் போட்டார். "போலீஸ் கையில மாட்டாம இருக்கறோமே, சும்மாவா? வேண்டிக்கினு இருக்கறேன். கிருத்திகைக்கு மூணு பேரும் மொட்டை போட்டு முருகன் மலைக்கு காவடி எடுக்கறோம்."

கோபி: "ஆங் பாவா, மஞ்ச வேட்டி நான் வாங்கியாறேன்."

ஆம்பிளைகள் காவடி எடுப்பது வெறும் மார்போடு. நான் நாலு வருடமாகச் சட்டைக்குள் துணி இறுக்கிக் கட்டியிருக்கிறேன். இவர்களுக்கு நான் செல்வம். செல்வி என்று தெரியாது.



ஆடி 8, வெள்ளி

மழை. கட்டுத் துணி காயவில்லை. ஈரத்தோடு கட்டியதில் அரிப்பு.

யோசித்த சாக்குகள்:
காய்ச்சல். பாவா விபூதி பூசி இழுத்துக்கொண்டு போவார்.
கால் சுளுக்கு. லாரியில் ஏறுகிறவன் சொன்னால் சிரிப்பார்கள்.
சர்ச்சுக்குப் போகிறேன். போன வாரம்தான் பஞ்சாமிர்தம் நக்கினேன்.
ஓட்டம். எங்கே? ஆர்.கே.பேட்டையில் தாலி கட்டியவன் இருக்கிறான். கத்தியோடு துரத்தியவன். ஓடி வரும்போது கொடியில் கிடந்த அவன் சட்டையைத்தான் முதலில் மாட்டினேன்.

போன வருடம் எங்களோடு இருந்த ஒருத்தன் பொய் சொல்லி மாட்டினான். கோபி அவன் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். அலறல் வெளியே கேட்காமல் இருக்க பாவா டிவி சத்தத்தைக் கூட்டினார். ஒரு சின்னப் பொய்க்கே அது. என்னுடையது நாலு வருடப் பொய்.

ஆடி 9, சனி

பல் விளக்கும்போது தோன்றியது. தீட்டு! சாவு விழுந்த வீட்டுக்காரன் மலை ஏறக் கூடாது. பாவாவே ஏறவிட மாட்டார்.

"எங்க நைனா செத்துட்டாரு பாவா. மணவூர்ல."

வாயில் வேறு ஊர் வரவில்லை. நைனா அங்கேதான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். பாவி நான், அவரை உயிரோடு கொன்றேன்.

பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கொள்ளி நீதானடா வெக்கணும்? நாங்க வராம இருப்பமா? கோபி, வண்டிய எடு."

கொள்ளி வைக்கிற மகனுக்கும் மொட்டை. வெறும் மார்பு. ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"நேத்தே எடுத்துட்டாங்களாம். சேதி இப்பதான் வந்துச்சு."

பாவா என்னையே பார்த்தார். பிறகு, "சரி, படத்துக்காவது ஒரு மாலை போடணும். நீ தாங்க மாட்ட, இங்கயே இரு. நாளைக்கு நான் போறேன். அவருக்கு சைக்கிள் கடைன்னு சொல்லியிருக்கியே, கண்டுபுடிச்சிடுவேன்."

எப்போது சொன்னேன்? எந்தப் போதையில்?

ஆடி 10, ஞாயிறு

காலை ரயிலுக்குப் பாவா போனார், மாலையோடு. கோபி நாள் முழுக்க வாசலில் வேன் கழுவுகிறான். வெளியே போக முடியவில்லை. மஞ்சள் வேட்டி மூன்று வாங்கி வைத்திருக்கிறான்.

நாலு மணிக்குப் பாவா வந்தார்.

கோபி: "பார்த்துட்டீங்களா பாவா?"

"ஆங். மாலை போட்டுட்டு வந்தேன். இவனுக்குத் தீட்டுதான். மலைக்கு நாம ரெண்டு பேரு."

கோபி வெளியே போனதும் என் மடியில் ஒரு பையை வைத்தார். உள்ளே மாலை. கட்டிய நூல்கூடப் பிரியவில்லை.

"உங்க நைனா எனக்கு சோடா வாங்கிக் குடுத்தாரு. ஆம்பளப் புள்ளையே இல்லைன்னாரு. ஒரே பொண்ணாம், காணாம பூட்ச்சாம். போட்டோ காட்டினாரு."

எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

என் விரல்களை நானே கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அவர் காதருகே குனிந்தார். "கோபிக்குக் கேக்கக் கூடாது. தெரிஞ்சா உன்னை வுட மாட்டான். என்னால தடுக்க முடியாது. நாளைக்கு நாங்க மலையேறி எறங்க மத்தியானம் ஆவும். அதுக்குள்ள பூடு."

நாலு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். போ என்றதும் அழுகை வந்தது. பயத்தில் அதையும் விழுங்கினேன்.

ஆடி 11, திங்கள். கிருத்திகை

ஸ்டேஷன். எங்கு பார்த்தாலும் மொட்டை, சந்தனம், அரோகரா. மணவூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சட்டையோடுதான் போகிறேன், வேறு துணி ஏது? நைனாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. பையில் அந்த மாலை, வாடிவிட்டது. தூக்கிப் போட மனமில்லை.

மணி ஒன்பதுதான். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு மொட்டை. ஈர மஞ்சள் வேட்டி, தோளில் காவடி இல்லை. நடை கோபியுடையது. கூட பாவா இல்லை.

என்னைப் பார்த்துவிட்டான். கையை ஆட்டுகிறான். இந்தப் பக்கம் வர மேம்பாலப் படிக்கட்டு ஏறுகிறான்.

ரயில் இன்னும் வரவில்லை.