தண்ணீர்மலைப் பள்ளத்தில் கேட்ட சீட்டி

டத்தோ கிராமாட் ரோடு,
பினாங்கு.
ஜூலை, 1932

அன்பு மகள் ஆலிஸுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் தம்பி சூசையும் சுகமாயிருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க தினமும் செபிக்கிறேன். இதை மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உன் அப்பா கிடைத்துவிட்டார், உயிரோடு அல்ல.

போன மழைக்காலத்தில் அவர் தண்ணீர்மலைக் காட்டுக்குப் போய்த் திரும்பாதபின், ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டும் அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டது உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வீட்டில் இருந்தால் அவர் நாற்காலியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் போகிறேன். சில வாரம் முன்பு, பூசை முடிந்து வந்ததும் நானும் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியும் என்னோடு வேலைபார்க்கும் ஆசிரியைகள் சிலரும் மலைக்குப் புறப்பட்டோம். மூங்கில் புதரண்டை ஒரு இருவாட்சி பறந்ததை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே பள்ளத்திலிருந்து அப்பாவின் சீட்டி கேட்டது. பின்தங்கியவர்களைக் கூப்பிட அடிப்பாரே, இரண்டு நீளம் ஒரு குட்டை, அதேதான். ஹபீபா பீவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உங்க வீட்டுக்காரரு சீட்டியில்ல இது? போயிடலாம் வாங்க, இங்க நிக்கவேணாம்லா" என்றாள். மறுபடி கேட்டது. பிறகுதான் பள்ளத்து மரத்தில் அதைக் கண்டேன், ஒரு கரிச்சான், வாலில் கம்பி போல இரண்டு நீண்ட இறகு. அலகைத் திறந்து அப்பாவைப் போலவே கூப்பிட்டது.

குருவிதானா என்று ஆசிரியைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கரிச்சான் பிற சத்தங்களைக் கேட்டுக்கேட்டுப் படிக்கும் என்று எனக்குச் சொன்னவரே அப்பாதான். நாங்கள் யாரும் தேடாத அந்தப் பள்ளத்தில் அது அத்தனை தடவை யாரிடம் கேட்டுப் படித்தது?

அன்று மாலையே அப்பாவின் சிநேகிதர் சீனி முகம்மதுவிடம் சொன்னேன், பைத்தியம் என்று நினைப்பாரோ என்ற பயத்தோடுதான். "அழாதீங்கம்மா, கயிறு எடுத்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லி ஆட்களோடு வந்து இறங்கினார். நான் மேலே செபமாலையோடு நின்றேன். பிரம்புப் புதருக்குள், பாறைக்கடியில் இருந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது. மழைத்தண்ணீர் பிடிக்கத் தொப்பியை மல்லாத்தி வைத்திருக்கிறார். எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதே மகளே. அப்போது நாங்கள் உச்சிப் பாதையில் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம், எங்கள் சத்தத்திலேயே அவர் சீட்டி அமுங்கிப்போயிருக்கும்.

கோவில் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டோம். போன ஞாயிறு ஹபீபா பீவியை அழைத்துக்கொண்டு மறுபடி அந்தப் பள்ளத்துக்குப் போனேன். அந்தக் கரிச்சான் கூப்பிட்டது. எனக்குச் சீட்டி அடிக்க வராது, அதனால் "இங்கதான் இருக்கேன்" என்று உரக்கச் சொன்னேன். காடே அடங்கிவிட்டது. பிறகு எங்கள் தலைக்கு மேலே, வெகு கிட்டத்தில், இன்னொரு கரிச்சான் அதே சீட்டியை அடித்தது, கொஞ்சம் தப்பாக, இப்போதுதான் படிக்கிற மாதிரி.

பால் கொடுக்கிறவள் நீ, அழுது பட்டினி கிடக்காதே. அப்பா பெயரால் அங்கே ஒரு பூசை வை. தேவமாதா உங்கள் மூவரையும் காப்பாற்றுவாளாக.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
ரோசலின் வேதநாயகம்